கூடிப் பேசி முடிவுசெய்த சாம்பியன்கள்

அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, தான் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் தேசியப் பட்டங்கள் 18. அவற்றில் ஒன்று 1941-ஆம் ஆண்டுக்கானது. அந்த ஆண்டு அலபாமா இரண்டு ஆட்டங்களில் தோற்றது. தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பான தன் கான்ஃபரன்ஸிலேயே முதலிடம் பிடிக்கவில்லை. அந்த இடம் மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் போனது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்ட ஏபி செய்தி நிறுவனத் தரவரிசையில் அலபாமாவுக்குக் கிடைத்தது 20-ஆவது இடம். ஒரு தோல்வியும் இல்லாமல் முதலிடத்தில் இருந்தது மினசோட்டா. ஆனால் ஹௌல்கேட் முறை என்ற ஒரு கணக்கில் அலபாமா முதலில் வந்திருக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து அதைப் பிடித்துக்கொண்டு பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

இங்கே கால்பந்து என்பது ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கூடைப்பந்து, நீச்சல், கோல்ஃப், வாள்சண்டை வரை எல்லாவற்றுக்கும் தேசியப் பட்டம் கொடுக்கிறது. அதிகப் பணமும் அதிகக் கூட்டமும் உள்ள கால்பந்தின் மேல் பிரிவுக்கு மட்டும் இன்றுவரை கொடுப்பதில்லை. எந்த ஆண்டு யார் யாரைச் சாம்பியன் என்றார்கள் என்று தன் பதிவேட்டில் குறித்துவைப்பதோடு சரி. அதனால்தான் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் 1869-இல் முதல் ஆட்டம் ஆடிய நாளிலிருந்து இந்த விளையாட்டில் ஒரே ஆண்டுக்கு இரண்டு, மூன்று சாம்பியன்கள் சர்வ சாதாரணம்.

இவ்வளவு குழப்பம் ஏன் என்று கேட்டால் பலரும் பேராசையையும் அரசியலையும் காட்டுவார்கள். இரண்டும் இருக்கின்றன. ஆனால் அடிப்படைச் சிக்கல் எளிய கணக்கில் இருக்கிறது. 2025 சீசனில் மேல் பிரிவில் 136 அணிகள். ஒவ்வொன்றும் ஆடுவது 12 ஆட்டம். உடம்பை உடம்பால் மோதும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் முடியாது. 136 அணிகளை ஜோடி சேர்த்துப் பார்த்தால் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் வரும். நடப்பதோ சுமார் 800 ஆட்டங்கள். பத்து ஜோடியில் ஒன்றுகூட நேருக்கு நேர் மோதுவதில்லை. ஐபிஎல்லில் பத்தே அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் ஒரு முறையாவது ஆடிவிடும். அதனால் புள்ளிப் பட்டியலை யாரும் பெரிதாகச் சந்தேகிப்பதில்லை. இங்கே பட்டியல் போடவே வழியில்லை. பலவீனமான எதிரிகளோடு ஆடி 12-0 (12 வெற்றி, தோல்வி இல்லை) எடுத்த அணியையும், வலுவான எதிரிகளோடு ஆடி 10-2 எடுத்த அணியையும் எந்தத் தராசில் நிறுத்துவது?

நேருக்கு நேர் ஆடினால் மட்டும் தெளிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2008-இல் பிக் 12 கான்ஃபரன்ஸின் தெற்குப் பிரிவில் நடந்ததைப் பாருங்கள். ஓக்லஹோமாவை டெக்சஸ் 45-35 என்று தோற்கடித்தது. டெக்சஸை டெக்சஸ் டெக் 39-33 என்று தோற்கடித்தது. டெக்சஸ் டெக்கை ஓக்லஹோமா 65-21 என்று துவைத்தெடுத்தது. மூன்றுக்கும் ஒரே ஒரு தோல்வி. வட்டம் முழுதாக மூடிக்கொண்டது. விதிப்படி, தேசியத் தரவரிசையில் மேலே உள்ள அணி கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போகும். நூலிழையில் மேலே இருந்தது ஓக்லஹோமா. அங்கிருந்து தேசிய இறுதி ஆட்டத்துக்கும் போய், ஃப்ளோரிடாவிடம் தோற்றது. அந்த 45-35 என்ற எண்ணை டெக்சஸ் ரசிகர்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. டெக்சஸ் டெக் ரசிகர்கள் பக்கமும் அதே அளவு நியாயம் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

இந்த ஓட்டையை முதலில் அடைக்கப் பார்த்தவர்களில் ஒருவர் இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன். 1926-இல் எதிரியின் பலத்தைக் கணக்கில் எடுக்கும் ஒரு முறையைப் போட்டார், முதலிடம் வந்த அணிக்குக் கோப்பையும் கிடைத்தது. 1936-இல் ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகையாளர் ஓட்டெடுப்பை ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவே பத்திரிகையில் வாதம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆரம்பித்தவரே அதை மறைக்கவில்லை. வாதத்தை வளர்க்கப் பிறந்த ஒன்று பிறகு வாதத்தைத் தீர்க்கும் நீதிமன்றம் ஆனது. 1950-இலிருந்து பயிற்சியாளர்களும் தனியாக ஓட்டுப் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் கடைசி ஓட்டு, பவுல் ஆட்டங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பவுல் என்பது புத்தாண்டை ஒட்டி, வெயிலுள்ள ஊர்களில் சுற்றுலாக் கூட்டத்தை இழுக்க நடத்தும் ஆட்டம். பாஸடீனாவின் ரோஸ் பவுல்தான் மூத்தது. பரிசாக ஒரு பயணம், அவ்வளவுதான் என்று அதை நினைத்தார்கள். 1964-இல் அலபாமாவுக்குப் பட்டம் கொடுத்தாயிற்று. புத்தாண்டு இரவு ஆரஞ்சு பவுலில் அலபாமா டெக்சஸிடம் 21-17 என்று தோற்றது. அந்த டெக்சஸை அக்டோபரில் ஆர்கன்சா வென்றிருந்தது. ஆர்கன்சாவுக்கு அந்த ஆண்டு முழுக்கத் தோல்வியே இல்லை. பட்டம் மட்டும் அலபாமாவிடமே இருந்தது. பயிற்சியாளர்கள் 1973-இல் இதே தவறை, அதே அலபாமாவை வைத்தே செய்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்துதான் அவர்களும் பவுல் முடியக் காத்திருந்தார்கள்.

காத்திருந்தும் பயனில்லை. முதல் இரண்டு அணிகளும் மோதிக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே. மிச்சிகன் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸின் சாம்பியன் ரோஸ் பவுலுக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம். 1997-இல் மிச்சிகனுக்கும் தோல்வி இல்லை, நெப்ராஸ்காவுக்கும் தோல்வி இல்லை. ஒன்று கலிஃபோர்னியாவில் ஆடியது, இன்னொன்று ஃப்ளோரிடாவில். பத்திரிகையாளர்கள் மிச்சிகன் என்றார்கள், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்கா என்றார்கள். இரண்டு ஊரிலும் பட்டாசு.

அதற்கு மருந்தாக 1998-இல் பிசிஎஸ் என்ற முறை வந்தது. ஓட்டெடுப்பையும் கணினித் தரவரிசைகளையும் கலந்து முதல் இரண்டு அணிகளை எடுத்து மோதவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2001-இல் கடைசி லீக் ஆட்டத்தில் கொலராடோவிடம் 62-36 என்று உதைபட்ட நெப்ராஸ்கா இறுதி ஆட்டத்துக்குப் போனது. 2003-இல் இரண்டு ஓட்டெடுப்பிலும் முதலிடத்தில் இருந்த சதர்ன் கலிஃபோர்னியா இறுதி ஆட்டத்திலேயே இல்லை. கான்ஃபரன்ஸ் இறுதியில் 35-7 என்று தோற்ற ஓக்லஹோமா இருந்தது. இறுதியில் வெல்பவருக்கே முதல் ஓட்டு என்று பயிற்சியாளர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்படியும் மூன்று பேர் சதர்ன் கலிஃபோர்னியாவுக்கே போட்டார்கள். 2004-இல் ஆபர்ன் ஆடிய 13 ஆட்டத்தையும் வென்று, வெறுங்கையோடு வீடு திரும்பியது.

கணினிகள் மேல் அப்போது கொட்டிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. நான் அவற்றின் கட்சி. கணினி என்ன செய்தாலும் ஒன்றையாவது செய்யாது: அணியின் பெயரைப் பார்த்து மயங்காது. பிசிஎஸ்ஸின் உண்மையான குற்றம் வேறு. ஒவ்வொரு ஆண்டும் முடிவு பிடிக்காமல் போனபோது சூத்திரத்தை மாற்றினார்கள். எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் வென்றது என்பதைக் கணினிகள் பார்க்கவே கூடாது என்று 2002-இல் தடுத்தார்கள். அது கணிதத்தின் ஒரு கண்ணைக் கட்டியதுபோல. இதில் ஆறு கணினி முறைகள் பயன்பட்டன. கணக்கு முழுவதையும் வெளியில் வைத்தது, வெஸ்லி காலி என்பவர் உருவாக்கிய காலி முறை மட்டுமே. 2010-இல் அதில் ஒரு ஆட்டத்தின் முடிவு விடுபட்டுப்போனதை வெளியாள் ஒருவர் கண்டுபிடித்தார், திருத்தினார்கள், இரண்டு அணிகள் இடம் மாறின. காலியைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது அந்த முறையின் பெருமையாகப் படுகிறது. மற்ற ஐந்திலும் இப்படி ஒரு பிழை இருந்திருந்தால் வெளியாள் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?

2011-இல் எல்எஸ்யூவும் அலபாமாவும், ஒரே கான்ஃபரன்ஸின் ஒரே பிரிவிலிருந்து வந்து, ஏற்கெனவே ஆடிய ஆட்டத்தையே இறுதியாக மறுபடி ஆடின. நவம்பரில் எல்எஸ்யூ வென்றது, ஜனவரியில் அலபாமா வென்றது. நாட்டின் மற்ற பகுதிகளின் பொறுமை அதோடு தீர்ந்தது. 2014-இல் நான்கு அணி பிளேஆஃப் வந்தது. சூத்திரம் போய், 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வந்தது. டெக்சஸில் கிரேப்வைன் என்ற ஊரின் ஒரு பெரிய ஹோட்டலில் அவர்கள் கூடுவார்கள்: பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்கள், ஓய்வுபெற்ற பயிற்சியாளர்கள். முதல் குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கான்டலீசா ரைஸும் இருந்தார்.

முதல் ஆண்டே அழகாக ஆரம்பித்தது. பிக் 12-இல் அப்போது பத்து அணிகள். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவார்கள். எங்களிடம் ஒரே உண்மையான சாம்பியன் என்று விளம்பரம் வேறு செய்துகொண்டிருந்தார்கள். சீசன் முடிவில் டிசியூவும் பேலரும் சமமாக நின்றன. நேருக்கு நேர் ஆட்டத்தில் பேலர் 61-58 என்று வென்றிருந்தது. கான்ஃபரன்ஸோ இருவரையும் கூட்டுச் சாம்பியன் என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டது. கடைசி வாரத்துக்கு முன் மூன்றாம் இடத்தில் இருந்த டிசியூ, அந்த வாரம் 55-3 என்று வென்றது. வென்றதற்குப் பரிசாக ஆறாம் இடத்துக்கு இறங்கியது. விஸ்கான்சினை 59-0 என்று புரட்டிய ஒஹாயோ ஸ்டேட் நான்காவதாக உள்ளே வந்தது. பிறகு கோப்பையையும் வென்றது.

அந்த ஒஹாயோ ஸ்டேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது ஆண்டு கழித்து அது வேண்டும். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் க்வார்ட்டர்பேக்தான் அணியின் முக்கிய ஆள்; அதன் முதல் க்வார்ட்டர்பேக் சீசன் தொடங்குமுன்பே காயம், இரண்டாமவர் மிச்சிகனோடு ஆடும்போது காயம். 59-0 வென்றதும் கோப்பை வென்றதும் மூன்றாவது ஆளை வைத்து.

2023-க்கு வருவோம். ஃப்ளோரிடா ஸ்டேட்டின் க்வார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்று ஆட்டத்தில் தன் காலை உடைத்துக்கொண்டார். அணி அதற்குப் பிறகும் தோற்கவில்லை. இரண்டாவது ஆளை வைத்து ஃப்ளோரிடாவை வென்றது. மூன்றாவது ஆளை வைத்து லூயிவில்லை 16-6 என்று வென்று ஏசிசி கான்ஃபரன்ஸின் சாம்பியன் ஆனது. மொத்தம் 13-0. தேர்வுக் குழு அதை ஐந்தாவது இடத்தில் வைத்து, ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவை நான்காவதாக எடுத்தது. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்பது காரணம். முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைப் பார்க்கலாம் என்று குழுவின் விதியிலேயே இருந்தது, அதனால் விதிமீறல் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே விதியின் கீழ் 2014-இல் மூன்றாவது க்வார்ட்டர்பேக்கோடு வந்த அணி உள்ளே. 2023-இல் வந்தது வெளியே. பிறகு ஆரஞ்சு பவுலில் பல ஆட்டக்காரர்கள் விலகிக்கொண்ட ஃப்ளோரிடா ஸ்டேட்டை ஜார்ஜியா 63-3 என்று நசுக்கியபோது, குழு செய்தது சரிதான் பார்த்தீர்களா என்றார்கள். மனம் உடைந்து ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமல் ஆடியதை வைத்து முழு அணியின் தகுதியை எப்படி அளப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதில் கலந்து கிடப்பது இரண்டு கேள்விகள். நாளை ஆட்டம் வைத்தால் யார் வெல்வார் என்பது ஒன்று. இதுவரை ஆடியதை வைத்து யாருக்கு உரிமை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு லாஸ் வேகஸின் பந்தயக்காரர்கள் எந்தக் குழுவையும்விட நன்றாகப் பதில் சொல்வார்கள். அதுதான் அளவுகோல் என்றால் ஆட்டத்தையே ஆட வேண்டாம். விளையாட்டு என்றால் இரண்டாவது கேள்விதான். குழு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஆண்டு இதையும் மறு ஆண்டு அதையும் எடுத்துப் போடுகிறது. எந்தச் சூத்திரமும் உண்மையிலேயே சிறந்த அணியைக் கண்டுபிடிக்காது, 800 ஆட்டத்தில் அதற்குத் தேவையான தகவலே இல்லை. ஆகஸ்டில் ஒரு ஆட்டக்காரன் தன் பயிற்சியாளரிடம், என்ன செய்தால் நாம் சாம்பியன் என்று கேட்டால், அவரால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

மேல் பிரிவில் சிறிய கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு அந்தப் பதில் வெகு காலம் இல்லவே இல்லை. 2008-இல் யூட்டா எல்லா ஆட்டமும் வென்று, ஷுகர் பவுலில் அலபாமாவையே 31-17 என்று தோற்கடித்தது, பட்டம் இல்லை. 2017-இல் சென்ட்ரல் ஃப்ளோரிடா 13-0. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் மோதிய அலபாமாவையும் ஜார்ஜியாவையும் தோற்கடித்திருந்த ஆபர்னை அது பீச் பவுலில் வென்றது. குழு அதற்கு முன்பே அதை நான்கில் சேர்க்காமல் விட்டிருந்தது. பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை: தன்னைத் தானே சாம்பியன் என்று அறிவித்து டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் விட்டது. ஊரே சிரித்தது. ஆனால் காலி முறை அந்த ஆண்டு முதலிடத்தில் வைத்தது சென்ட்ரல் ஃப்ளோரிடாவைத்தான். அது என்சிஏஏ பதிவேட்டிலும் இருக்கிறது. 1941 அலபாமாவைவிட இவர்கள் கோரிக்கை நூறு மடங்கு வலுவானது.

2024-இலிருந்து 12 அணிகள். முதல் இரண்டு ஆண்டுகளில் தரவரிசையில் மேலே இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி, மற்ற ஏழு குழுவின் கையில் இருந்தன. பெரிய முன்னேற்றம்தான். முதல் சுற்று பல்கலைக்கழகங்களின் சொந்த மைதானங்களில், டிசம்பர்க் குளிரில் நடந்தது. பவுல் ஊர்களின் செயற்கை உற்சாகத்தைவிட அது எவ்வளவோ மேல். முதல் ஆண்டு கோப்பை, சொந்த ஊரில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்று, கான்ஃபரன்ஸ் இறுதிக்கே போகாத ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. பழைய ரசிகர்களுக்கு இது வலித்தது: ஒரு தோல்வியே சீசனைக் கொன்றுவிடும் என்ற அந்தப் பழைய பதற்றம் போய்விட்டது. அவர்கள் சொல்வது உண்மை, அது ஒரு இழப்புதான். ஆனால் அந்தப் பதற்றம் பெரிய பெயர் உள்ள இருபது அணிகளுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. மற்றவர்களுக்கு ஒரு தோல்வியும் இல்லாவிட்டாலும் சீசன் செத்ததுதான்.

குழுவின் பழக்கம் மட்டும் போகவில்லை. 2025-இல் மயாமி முதல் வாரமே நோட்டர் டேமை 27-24 என்று வென்றிருந்தது. இரண்டுக்கும் தலா இரண்டு தோல்வி. வாரக்கணக்காக மயாமிக்கு மேலே நோட்டர் டேமை வைத்திருந்துவிட்டு, இருவருமே ஆடாத கடைசி வார இறுதிக்குப் பின் குழு வரிசையை மாற்றிப் போட்டது. ஆகஸ்டில் நடந்த ஆட்டம் டிசம்பரில்தான் நினைவுக்கு வந்ததுபோல. நோட்டர் டேம் கோபத்தில் பவுல் ஆட்டமே வேண்டாம் என்று போய்விட்டது. மயாமியோ இறுதி ஆட்டம் வரை போய் இண்டியானாவிடம் தோற்றது.

இப்போது நடக்கும் சண்டை பிளேஆஃப் அணிகளின் எண்ணிக்கை பற்றியது: 16-ஆ, 24-ஆ. எனக்கு எண்ணிக்கை இரண்டாம் பட்சம். 2026-இலிருந்து பிளேஆஃபை ஒளிபரப்ப ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி ஆண்டுக்குச் சுமார் 1.3 பில்லியன் டாலர் தருகிறது, அதில் பாதிக்கு மேல் எஸ்இசி, பிக் டென் என்ற இரண்டே கான்ஃபரன்ஸ்களுக்கு. 16 அணி வந்தால் தங்களுக்குத் தலா நான்கு இடம் நிரந்தரமாக வேண்டும் என்று ஒரு யோசனையும் 2025-இல் ஓடியது. இதுவும் முன்கூட்டியே எழுதிய விதிதானே என்று என்னையே மடக்கலாம். இல்லை, அது பெரிய பெயரைப் பார்த்துக் கொடுக்கும் இடம். ஆடி எடுப்பதும் பட்டா போட்டு வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

சரி, எப்படிச் செய்யலாம்? பலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதுதான்: 16 அணி, பத்து கான்ஃபரன்ஸின் சாம்பியன்களுக்கும் இடம், மற்ற ஆறும் ஆகஸ்டுக்கு முன்பே வெளியிட்டு, சீசன் முடியும் வரை யாரும் தொடக் கூடாத ஒரு சூத்திரத்தின்படி. பாயிண்ட் வித்தியாசத்தையும் அது பார்க்கட்டும், ஓர் எல்லை வரை. அரையிறுதி வரை சொந்த மைதானம். குழு வேண்டாம். அடுத்த கீழ்ப் பிரிவில் 1978-இலிருந்தே என்சிஏஏ பிளேஆஃப் நடத்துகிறது. இப்போது 24 அணி. அங்கேயும் கடைசி இடங்களுக்குச் சண்டை உண்டு, ஆனால் ஃபார்கோவின் நார்த் டகோட்டா ஸ்டேட் கோப்பை வாங்கியபின் அவர்கள் சாம்பியனா என்று யாரும் கேட்டதில்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கான்ஃபரன்ஸ்கள் இப்போது வீங்கிப்போய்விட்டன. பிக் டென்னில் 18 அணி, ஏசிசியில் 17. அவையும் தங்களுக்குள் முழுதாக ஆடிக்கொள்வதில்லை. அதே கணக்குச் சிக்கல் சிறிய அளவில். 2025 ஏசிசியில் ஐந்து அணிகள் சமமாக நிற்க, சமன் முறிக்கும் விதிகள் டியூக்கைக் கான்ஃபரன்ஸ் இறுதிக்கு அனுப்பின. தேசிய இறுதி வரை போகப்போகும் மயாமி அங்கே வெளியே நின்றது. ஐந்து தோல்வியோடு டியூக் ஏசிசி சாம்பியன். குழுவின் முறையில் டியூக்குக்கு இடம் கிடைக்கவில்லை; அதைவிடச் சிறிய கான்ஃபரன்ஸ்களின் டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் போயின. நான் சொல்லும் முறையில் டியூக்கும் உள்ளே வந்துவிடும்.

வரட்டும். கான்ஃபரன்ஸ் இறுதியில் அது வெர்ஜினியாவைக் கூடுதல் நேரத்தில் வென்று கோப்பை எடுத்தது. யாரும் ஹோட்டலில் கூடிப் பேசிக் கொடுக்கவில்லை. முதல் சுற்றில் இண்டியானாவின் மைதானத்துக்குப் போய் அடி வாங்கித் திரும்பும், பெரும்பாலும்.